மாசம் 30 ரூபாய் சம்பளம்... கேம்பிரிட்ஜ் போக 10,000 ரூபாய்! ராமானுஜனுக்கு யார் கொடுத்தாங்க?

நீங்க விருத்தாசலம் பக்கத்துல மங்களூர்ல இருந்து இதைப் படிக்கலாம். விருத்தாசலத்துல செராமிக் டிப்ளமோ முடிச்சிருக்கலாம். இல்லைன்னா இன்ஜினீயரிங் முடிச்சுட்டு, வெளிநாட்டுல எம்.எஸ். படிக்கணும்னு ராத்திரி ரெண்டு மணிக்கு யுனிவர்சிட்டி வெப்சைட்டை ஸ்க்ரோல் பண்ணிட்டு இருக்கலாம். சீட் கிடைச்சுடும்னு ஒரு நம்பிக்கை. ஆனா ஃபீஸ் எவ்வளவுன்னு பார்த்ததும் போனை கவுத்து வெச்சுடுறீங்க. வீட்டுல கேட்க முடியாது. வெளியில யார்கிட்ட கேட்கிறதுன்னு தெரியாது. கேட்கவே கூச்சமா இருக்கும்.

1910-ல் இதே நிலைமையில் ஓர் இளைஞர் உங்க பக்கத்துக்கே வந்தார். மங்களூரும் விருத்தாசலமும் அப்போது தென்னாற்காடு மாவட்டம். அதே மாவட்டத்தில் இருந்த திருக்கோவிலூருக்குத்தான் அவர் வந்தார். வயது 22. காலேஜில் ரெண்டு முறை ஃபெயில். வேலை இல்லை. கல்யாணம் மட்டும் ஆகியிருந்தது. கையில் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம்.

அவர் பெயர் ராமானுஜன். அடுத்த எட்டு வருஷத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆகப்போகிறவர்.

ராமானுஜன் பெரிய ஜீனியஸ் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஜீனியஸ் கப்பல் ஏற யார் யார் எவ்வளவு பணம் கொடுத்தாங்க, அதுக்கு அவர் எத்தனை வாசல்படி ஏறி இறங்கினார் என்பது பலருக்கும் தெரியாது. இது அந்தக் கதை.

அப்பாவின் சம்பளம் 20 ரூபாய்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில். அப்பா சீனிவாச ஐயங்கார் புடவைக் கடையில் கணக்கு எழுதுபவர். மாதச் சம்பளம் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிக் கொஞ்சம் சம்பாதித்தார். அதுவும் போதாமல், கும்பகோணத்தில் படிக்க வந்த மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

அந்த மாணவர்கள்தான் ராமானுஜனின் முதல் கணக்கு வாத்தியார்கள். அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சீக்கிரமே கற்றுக்கொண்டு, அவர்களையே திணறடித்தான் அந்தப் பையன். 15 வயதில் கார் என்பவர் எழுதிய ஒரு கணிதத் தொகுப்பு கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள். பெரும்பாலானவற்றுக்கு விளக்கமே இல்லை. நமக்கெல்லாம் அதைப் பார்த்தா தூக்கம் வரும். ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

1904-ல் டவுன் ஹைஸ்கூல் படிப்பை முடித்தபோது கணக்குக்காகப் பரிசு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு இடம். இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது.

ஸ்காலர்ஷிப் போச்சு... வீட்டை விட்டு ஓடினார்!

காலேஜில் ஆங்கிலம், வரலாறு, உடலியல் எல்லாம் படித்தாக வேண்டும். ராமானுஜன் அந்த வகுப்புகளிலும் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தார். விளைவு, தேர்வில் தோல்வி. ஸ்காலர்ஷிப் நிறுத்தப்பட்டது.

ஒரு டேர்முக்கு ஃபீஸ் 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். உதவித்தொகையைத் திரும்பக் கொடுக்கும்படி அம்மா கல்லூரி முதல்வரிடம் போய்க் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

1905 ஆகஸ்டில், 17 வயதில், யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய்விட்டார் ராமானுஜன். பையனைக் காணவில்லை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும் அளவுக்கு வீடு கலங்கிப்போனது. பிறகு திரும்பி வந்தார்.

அடுத்த ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் அதே கதை. கணக்கில் ஆசிரியர்களே வியக்கும் மார்க், மற்ற பாடங்களில் சறுக்கல். 1906-ல் எஃப்.ஏ. தேர்வில் ஃபெயில். 1907-ல் மறுபடியும் எழுதினார். மறுபடியும் ஃபெயில். எஃப்.ஏ. என்பது பி.ஏ.வுக்கு முந்தைய படி. அதுவே தாண்டவில்லை என்றால் கல்லூரிக் கதவு மூடிவிட்டது என்று அர்த்தம்.

அரியர் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். ராமானுஜன் ஃபெயில் ஆனதால ஜீனியஸ் ஆகலை. ஃபெயில் ஆனது அவருக்கு ஆறேழு வருஷத்தைத் தின்னுடுச்சு. அந்த வருஷங்களில் வீட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். சிலேட்டைத் துடைத்துத் துடைத்து முழங்கை கறுத்துப் போனதாம்.

1909 ஜூலையில் கல்யாணம். மனைவி ஜானகிக்கு அப்போது 10 வயது. அந்தக் காலத்தில் அது வழக்கம். குடும்பப் பொறுப்பு என்று ஒன்று வந்துவிட்டது. 1910 தொடக்கத்தில் விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அதற்கும் பணமில்லை. ஒரு டாக்டர் காசு வாங்காமல் செய்துவைத்தார். இந்தக் கதையில் பெரிய உதவிகள் இனிமேல்தான் வரப்போகின்றன. ஆனால் அந்த டாக்டரின் உதவி இல்லாமல் போயிருந்தால் அடுத்த எதுவுமே நடந்திருக்காது.

திருக்கோவிலூரில் திறந்த கதவு

உடம்பு தேறியதும் வேலை தேடிப் புறப்பட்டார். திருக்கோவிலூரில் டெபுட்டி கலெக்டராக இருந்தவர் வி.ராமசுவாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். ராமானுஜன் அவரிடம் கேட்டது ஸ்காலர்ஷிப் இல்லை. தாலுகா ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை. அவ்வளவுதான்.

ராமசுவாமி ஐயர் நோட்டைப் புரட்டினார். வேலை கொடுக்க மறுத்துவிட்டார்! இப்படிப்பட்ட ஒருவரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்காரவைத்தால், அந்தத் திறமை அங்கேயே புதைந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்குப் பதில் சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அங்கிருந்து சங்கிலி ஆரம்பித்தது. சென்னையில் சேஷு ஐயர், கும்பகோணத்தில் ராமானுஜனுக்கு ஏற்கெனவே பாடம் எடுத்தவர். அவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்க்கச் சொன்னார். 1910 டிசம்பரில் ராமானுஜன் அவர் முன்னால் போய் நின்றார்.

ராமச்சந்திர ராவ் உடனே நம்பிவிடவில்லை. சவரம் செய்யாத முகம், கசங்கிய வேட்டி, கக்கத்தில் நைந்த நோட்டு. இந்தப் பையன் சொல்வது நிஜமா, உளறலா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டு மூன்று முறை சந்தித்தார்கள். எளிமையான கணக்குகளில் ஆரம்பித்து, படிப்படியாகத் தன் சொந்தக் கண்டுபிடிப்புகளுக்குக் கூட்டிப்போனார் ராமானுஜன். கடைசியில் கலெக்டர் நம்பினார். என்ன வேண்டும் என்று கேட்டார். சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட ஒரு சின்னத் தொகை போதும் என்றார் ராமானுஜன்.

மாதம் 25 ரூபாய். நெல்லூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. ராமானுஜனுக்குக் கிடைத்த முதல் ஆராய்ச்சி உதவித்தொகை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். விண்ணப்பப் படிவம் கிடையாது. ஒரு தனிமனிதர் தன் சம்பளத்தில் இருந்து கொடுத்தது. அந்தப் பணத்தில் வாழ்ந்தபோதுதான், 1911-ல், பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் கட்டுரை கணிதச் சங்கத்தின் இதழில் வெளியானது.

ஆனால் ஒருவரிடமே தொடர்ந்து வாங்கிக்கொண்டிருக்க ராமானுஜனுக்கு மனம் வரவில்லை. ஓராண்டுக்குப் பிறகு வேலை தேடினார். அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள். பிறகு 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு கிளார்க். சம்பளம் 30 ரூபாய்.

துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம்

துறைமுகத்தில் தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண ஐயர், கணிதம் படித்தவர். வேலை நேரம் முடிந்த பிறகு இருவரும் சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். மேலதிகாரி சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் ராமானுஜனைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான்.

இவர்கள் தூண்டுதலில் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதங்கள் போயின. லண்டனில் பேராசிரியர் ஹில் கொஞ்சம் ஆலோசனை சொன்னார். அதற்கு மேல் போகவில்லை. பேக்கர், ஹாப்ஸன் என்ற இரண்டு பெரிய கணித அறிஞர்களிடமிருந்து ஒன்றும் ஆகவில்லை.

நம்ம மெயில் பாக்ஸ் கதை மாதிரியே இருக்கு இல்ல? நாலு புரொஃபசருக்கு மெயில் போட்டா ஒருத்தர்கூட ரிப்ளை பண்ண மாட்டாங்க.

1913 ஜனவரி 16-ல் அடுத்த கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஜி.ஹெச்.ஹார்டிக்கு. நான் துறைமுகத்தில் வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் கிளார்க், பட்டம் இல்லை, ஏழை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். எதையும் மறைக்கவில்லை. பிறகு பக்கம் பக்கமாக, நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்கள். இவற்றில் மதிப்பு இருந்தால் வெளியிட உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

ஹார்டி முதலில் இது யாரோ செய்யும் மோசடியோ என்று நினைத்தார். அன்று மாலையே சக கணிதர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஆராய்ந்து பார்த்தார். இதை எழுதியவர் முதல் தரமான கணித மேதை என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். பிப்ரவரி 8-ல் பதில் எழுதினார் ஹார்டி. நிரூபணங்களை அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

ராமானுஜனின் அடுத்த கடிதத்தைத்தான் நீங்க கவனிக்கணும். பிப்ரவரி 27-ல் எழுதியது. தான் அரைப்பட்டினி கிடக்கும் ஆள், மூளை வேலை செய்ய முதலில் வயிற்றுக்குச் சோறு வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். உங்களிடமிருந்து ஆதரவாக ஒரு கடிதம் வந்தால், அதை வைத்து இங்கே பல்கலைக்கழகத்திலோ அரசிடமோ உதவித்தொகை வாங்க முடியும் என்றும் சொன்னார்.

அவர் ஹார்டியிடம் பணம் கேட்கவில்லை. ஊரில் பணம் வாங்க உதவும் ஒரு கடிதத்தைக் கேட்டார். இன்னிக்கு நாம ரெகமெண்டேஷன் லெட்டர்னு சொல்றோமே, அதேதான்.

டிகிரி இல்லாதவருக்கு ஸ்காலர்ஷிப்பா?

அதே பிப்ரவரியில், சிம்லாவில் இருந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜனின் நோட்டுகளைக் காட்டினார். வாக்கர் மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். சில வருஷமாவது இந்த இளைஞர் சம்பாத்தியக் கவலை இல்லாமல் கணிதத்தில் மட்டும் இருக்கப் பல்கலைக்கழகம் வழிசெய்ய வேண்டும் என்றார்.

பல்கலைக்கழகத்தில் ஒரு சிக்கல். ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குத்தான். இவரோ எஃப்.ஏ. கூடத் தேறவில்லை. விதிப்படி பார்த்தால் விண்ணப்பமே செல்லாது. ஆராய்ச்சியை வளர்ப்பதுதானே பல்கலைக்கழகச் சட்டத்தின் நோக்கம் என்ற வாதத்தைத் துணைவேந்தரே எடுத்து வைத்தார். விதி வளைந்தது.

1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. கிளார்க் சம்பளத்தைவிட இரண்டரை மடங்கு. நிபந்தனை ஒன்றே ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். ராமானுஜன் ஒழுங்காகக் கொடுத்தார். துறைமுகமும் அவருக்கு விடுப்பு கொடுத்து அனுப்பியது.

கடல் தாண்டலாமா?

இங்கிலாந்துக்கு வரச்சொல்லி ஹார்டி தரப்பிலிருந்து கேட்டபோது ராமானுஜன் முதலில் மறுத்துவிட்டார். ஆசாரமான வைணவ பிராமணக் குடும்பம். கடல் தாண்டினால் சாதி போய்விடும், சொந்தக்காரர்கள் ஒதுக்கிவைத்துவிடுவார்கள் என்ற பயம். அம்மா சம்மதிக்கவே இல்லை.

பிறகு நாராயண ஐயரோடு நாமக்கல் நாமகிரித் தாயார் கோயிலுக்குப் போய்த் தங்கினார். அம்மாவுக்கும் ஒரு கனவு வந்தது, மகனைத் தடுக்காதே என்று தாயாரே சொன்னதாக. நம்பிக்கையோ, மகன் மேல் இருந்த பாசமோ, அம்மா வழிவிட்டார்.

1914 தொடக்கத்தில் ஹார்டியின் நண்பர் ஈ.ஹெச்.நெவில், விரிவுரை ஆற்றச் சென்னை வந்தார். ராமானுஜனைச் சம்மதிக்கவைக்கும் வேலையும் அவரிடம் இருந்தது. பேசிப் பார்த்தால், ராமானுஜன் ஏற்கெனவே தயார். மிச்சம் இருந்தது பணம் மட்டும்தான்.

ஜனவரி 28-ல் நெவில் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ஸ்பிரிங், கவர்னர் பென்ட்லண்டின் செயலாளருக்கு எழுதினார். கொஞ்ச நாளிலேயே முடிவு வந்தது. பல்கலைக்கழகம் மொத்தம் 10,000 ரூபாய் ஒதுக்கியது. வருடத்துக்கு 250 பவுண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு. கப்பல் டிக்கெட் தனி. துணிமணி, பயணத் தேவைகளுக்கு 100 பவுண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு பவுண்டு அப்போது 15 ரூபாய். 250 பவுண்டு என்றால் 3,750 ரூபாய். துறைமுக கிளார்க்காக அவர் வாங்கியது வருடத்துக்கு 360 ரூபாய். பத்து மடங்குக்கும் மேல்!

அந்த 250-லிருந்து வருடத்துக்கு 50 பவுண்டு ஊரில் குடும்பத்துக்குப் போக ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்பினார். முதல் சம்பளத்துல வீட்டுக்கு அனுப்புற எல்லாருக்கும் இது புரியும்.

குடுமியை வெட்டினார். கோட், சூட், ஷூ. அந்தக் கோலத்தில் பார்த்தால் மனசு தாங்காது என்று அம்மாவையும் மனைவியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1914 மார்ச் 17-ல் நெவாஸா கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஏப்ரல் 14-ல் லண்டன்.

பணம் வந்தது, மற்றது?

இங்கே கதையை முடிச்சா நல்ல மோட்டிவேஷன் ரீல்ஸ் ஆகும். ஆனா உங்ககிட்ட மிச்சத்தையும் சொல்லணும்.

கேம்பிரிட்ஜில் ஒருநாள், பிற்காலத்தில் புள்ளியியல் மேதையான மகலனோபிஸ் ராமானுஜன் அறைக்குப் போனார். ராத்திரி ரொம்பக் குளிர்கிறது, கோட்டுப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றார் ராமானுஜன். படுக்கையைப் பார்த்தால் கம்பளிகள் அடுக்காக விரித்து, ஓரம் செருகி வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று யாருமே அவருக்குச் சொல்லித்தரவில்லை! மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ்தான் காட்டிக்கொடுத்தார்.

சைவச் சாப்பாட்டுக்குத் தானே சமையல். புளியும் மளிகையும் சென்னையிலிருந்து பார்சலில் வர வேண்டும். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியது. பார்சலும் கடிதமும் தாமதமாயின. இங்கே ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே பிரச்னை. ஜானகியிடமிருந்து கடிதம் வருவதும் குறைந்தது.

வேலையில் மட்டும் குறையில்லை. 1916-ல் ஆராய்ச்சிக்காக கேம்பிரிட்ஜ் பட்டம். எஃப்.ஏ. தேறாதவர் ஒருவழியாகப் பட்டதாரி ஆனார். டிரினிட்டி கல்லூரியும் வருடத்துக்கு 60 பவுண்டு கொடுத்தது.

ஆனால் 1917-ல் உடம்பு கெட்டுப்போனது. காசநோய் என்று சொல்லி, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கல்லீரலில் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர் ஒருவரின் கணிப்பு. நோய், தனிமை, குளிர், வீட்டு நினைப்பு எல்லாம் சேர்ந்து 1918-ல் மனம் உடைந்து, உயிரை விடத் துணிந்தார். நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார்.

வெளிநாட்டுல இருக்கிற உங்க ஃப்ரெண்டு ஸ்டோரியில ஸ்னோ போட்டோ போட்டிருக்கலாம். அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு ஒரு கால் பண்ணிக் கேளுங்க. நீங்களே அங்க இருந்தா, யார்கிட்டயாவது மனசுவிட்டுப் பேசிடுங்க.

அதே 1918-ல்தான் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி வந்தது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ. அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர். வருடத்துக்கு 250 பவுண்டு, எந்த நிபந்தனையும் இல்லாமல். சென்னைப் பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு வருடத்துக்கு 250 பவுண்டு அறிவித்தது.

மிச்சத்தை ஏழைப் பசங்களுக்குக் கொடுங்க

1919 ஜனவரி 11. இங்கிலாந்தில் சிகிச்சையில் இருந்த ராமானுஜன், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நன்றி சொன்னார். நீங்கள் அறிவித்திருக்கும் தொகை என் தேவைக்கு அதிகம் என்றார். என் செலவு போக, வருடத்துக்கு 50 பவுண்டு என் பெற்றோருக்குக் கொடுங்கள். மிச்சம் உள்ளதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். உடம்பு சரியில்லாததால் முன்புபோல கணிதம் செய்ய முடியவில்லையே என்றும் வருத்தப்பட்டார்.

32 ரூபாய் ஃபீஸ் கட்ட முடியாமல் வீட்டை விட்டு ஓடிய பையன், 31 வயதில் எழுதிய கடிதம் இது. ஸ்காலர்ஷிப் போனால் ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

1919-ல் ஊர் திரும்பினார். உடம்பு தேறவே இல்லை. படுக்கையிலும் சிலேட்டு கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26-ல், சென்னை சேத்துப்பட்டில், 32 வயதில் இறந்துபோனார்.

ஜானகிக்குப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. அவர் தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். 1994 வரை வாழ்ந்தார். அவருக்குப் படிக்க ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தால் என்ற கேள்வியும் இந்தக் கதையில்தான் இருக்கிறது.

பை மதிப்புக்காக ராமானுஜன் எழுதிய சூத்திரத்தை வைத்து 1985-ல் கம்ப்யூட்டரில் 1.7 கோடி இலக்கங்கள் வரை கணக்கிட்டார்கள். பை மதிப்பில் இன்றைய உலக சாதனைகளுக்குப் பயன்படும் முறையும் அவர் காட்டிய வழியில் வந்ததுதான். 75 ரூபாய் ஸ்காலர்ஷிப்புக்கு இதைவிட நல்ல ரிட்டர்ன் யார் காட்டிட முடியும்?

உங்களுக்கு இதுல என்ன இருக்கு?

முதல் விஷயம், அவர் வெறும் கையோட போய்க் கேட்கலை. திருக்கோவிலூர்லயும் நெல்லூர்லயும் அவருக்காகப் பேசினது அந்த நோட்டுதான். மார்க் ஷீட் அவருக்கு எதிரா இருந்தது. செஞ்ச வேலை அவருக்கு ஆதரவா இருந்தது. நீங்க செஞ்ச புராஜெக்ட், எழுதின கோடு, வடிவமைச்ச பொருள் எதுவா இருந்தாலும் அதை மத்தவங்க பார்க்கிற மாதிரி எடுத்து வைங்க.

ரெண்டாவது, ஒரே தடவையில 10,000 ரூபாய் கிடைக்கலை. 25, 30, 75, அப்புறம்தான் 250 பவுண்டு. ஒவ்வொரு சின்ன உதவியும் அடுத்த பெரிய உதவிக்குச் சாட்சி ஆச்சு. நிலைமையை மறைக்காம சொன்னதும், என்ன தேவைன்னு தெளிவா கேட்டதும் வேலை செஞ்சது.

மூணாவது கொஞ்சம் கசப்பானது. ராமானுஜனுக்குக் கதவைத் திறந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அவர் சமூகத்தைச் சேர்ந்த அதிகாரிகள், இல்லைன்னா ஆங்கிலேயர்கள். ஒரு அறிமுகக் கடிதத்தோட கலெக்டர் வீட்டுக்குப் போக முடிஞ்சது. அதே 1910-ல் மங்களூர் பக்கத்துல ஒரு விவசாயக் கூலியின் பிள்ளைக்கு அதே மூளை இருந்திருந்தா, எந்தக் கலெக்டர் வீட்டு வாசல்ல நின்னிருக்க முடியும்? அதனாலதான், தெரிஞ்சவங்க தயவில் இல்லாம, விதிப்படி கிடைக்கிற ஸ்காலர்ஷிப் முக்கியம்.

இன்னிக்கு அப்படிப்பட்ட கதவுகள் இருக்கு. ஆதி திராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கு. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கு. 1892-ல் தொடங்கின ஜே.என்.டாடா அறக்கட்டளை, வெளிநாட்டு மேற்படிப்புக்குக் கடன் உதவித்தொகை கொடுக்குது. பிரிட்டனுக்கு காமன்வெல்த் ஸ்காலர்ஷிப். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல டியூஷன் ஃபீஸ் கிடையாது. தங்கும் செலவுக்கு மட்டும் வழி பார்க்கணும். வங்கிக் கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி போர்ட்டல் இருக்கு. விதிகளும் கடைசித் தேதியும் வருஷா வருஷம் மாறும். அதனால அந்தந்த அதிகாரப்பூர்வ வெப்சைட்டைத்தான் நம்பணும். நடுவுல கமிஷன் கேட்கிற ஆளை இல்லை.

கவுத்து வெச்ச போனை எடுங்க. இந்த லிஸ்ட்ல உங்களுக்குப் பொருந்துற ஒண்ணைத் தேடி, கடைசித் தேதியை காலண்டர்ல போட்டு வைங்க. நாளைக்குக் காலையில உங்க பாடத்தை நல்லாத் தெரிஞ்ச ஒரு வாத்தியாருக்கு போன் பண்ணி, ஒரு ரெகமெண்டேஷன் லெட்டர் கேளுங்க. கேட்கிறதுல ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க.